இட்லிக்கும் கஞ்சிக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்

சமூக சேவையைக் கல்லூரிப் பாடத்தோடு இணைப்பது எப்படி என்று ஒரு கருத்தரங்கு நடத்தப்போவதாகவும், அதில் நான் பேசவேண்டும் என்றும் கேட்டுப் போன மாதம் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நான் அந்த விஷயத்தில் அனுபவசாலி என்று யாரோ சொன்னார்களாம். உண்மைதான். சேவைப் பாடத்தில் பெயிலானவன் என்ற வகையில் இந்த ஜில்லாவில் எனக்கு ஈடு கிடையாது. காப்பி கொடுத்து, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன். மேடையில் சொன்னால் போட்ட மாலையைத் திருப்பிக் கேட்பார்கள்.

தஞ்சாவூரில் நான் பி.ஏ. பொருளாதாரம் படித்தது, ஆட்சி மாறி ஊருக்கு ஊர் கொடிக்கம்பம் முளைத்திருந்த காலம். பாடங்கள் அப்போதுதான் தமிழுக்கு மாறியிருந்தன. ‘குறைந்துசெல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி’ என்று ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவன் பாதி பாஸ். வெளியே வயல்களில் வேறொரு பொருளாதாரம் நடந்துகொண்டிருந்தது. குத்தகை, உச்சவரம்பு, கூலி என்று அதற்கும் மூன்று பாடங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு வயலில் சிவப்புக் கொடி நிற்கும். திரும்பி வரும்போது அதே வயலில் போலீஸ் நிற்கும்.

எங்கள் முதல்வர் எங்கேயோ ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தார். வந்ததும் சேவை கட்டாயம் என்று அறிவித்தார். இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் கிராமத்தில் முகாம். அங்கே எத்தனை மணி நேரம் உடலால் உழைத்தோமோ அதற்கு ஏற்ப மார்க். அதில் தேறாவிட்டால் டிகிரி கிடையாது.

“கட்டாயத்துல செய்யறது எப்படி சார் சேவையாகும்?” என்று பின்பெஞ்சில் ஒருவன் கேட்டான்.

“உட்காரு,” என்றார் எங்கள் பேராசிரியர். விவாதம் இனிதே முடிந்தது.

எனக்கு அந்த டிகிரி வேண்டும். நீடாமங்கலத்துக்கு மேற்கே ஒரு தெருவில் என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் குனிந்து குனிந்து என்னை நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு நாற்காலியில் உட்காரவேண்டும் என்பது குடும்பத்தின் தீர்மானம். எந்த நாற்காலி என்பதில் அவர்களுக்குப் பிடிவாதம் இல்லை.

முகாமுக்கு எந்த ஊர் என்று அறிவித்தபோதுதான் வில்லங்கம் தெரிந்தது. என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். அங்கே பண்ணை வீட்டு மிராசுதார், கல்லூரிக்குக் கட்டட நன்கொடை கொடுத்தவர், மாணவர்கள் தம் ஊர் வாய்க்காலைத் தூர் வாரிக் கொடுக்கவேண்டும் என்று அன்போடு அழைத்திருந்தார். ஆட்சி மாறியபோது அவருடைய கார் மாறவில்லை, காரின் கொடி மட்டும் மாறியது.

அவர் ஏன் எங்களை அழைத்தார் என்பது எனக்குத் தெரியும். வழக்கமாக அந்த வாய்க்காலை வெட்டும் தெற்குத் தெரு ஆட்கள், நடவுக்கூலியை ஏற்றினால்தான் மண்வெட்டியைத் தொடுவோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். பண்ணையில் பம்புசெட்டை வைத்து நாற்று விட்டாயிற்று. ஆனால் நடுவதற்கு ஆற்றுத் தண்ணீர் வேண்டும். மேட்டூர் திறந்து வெண்ணாற்றில் தண்ணீர் வரும்போது வாய்க்கால் அடைந்து கிடந்தால் வயலுக்கு ஏறாது, நாற்று முற்றிப் பாழாகும். அந்த அடைசல்தான் தெற்குத் தெருவின் கையில் இருந்த ஒரே பிடி. தெற்குத் தெருவில் முதல் ஆள் என் மச்சான். அவரை உட்காரச் சொன்னது என் அக்கா.

பேராசிரியரிடம் போனேன். “சார், பேராவூரணிப் பக்கம் போனா என்ன? தென்னந்தோப்பு. நிழலா இருக்கும்.”

“சேவைக்கு நிழல் எதுக்கு?”

“அந்த ஊர்ல வேலை நிறுத்தம் நடக்குது சார். என் அக்கா ஊரு.”

அவர் முகம் மலர்ந்தது. நல்ல மனிதர். சென்னையில் பிறந்து வளர்ந்தவர், நெல்லை மூட்டையில் மட்டுமே பார்த்தவர். “அக்கா ஊரா? அருமை! நீதான் முகாமுக்குத் தொடர்பாளர்,” என்றார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பதவி அது. ராஜினாமா செய்யும் வசதி அதில் இல்லை.

முப்பத்துச் சொச்சம் பேரைப் பண்ணையின் டிராக்டர் ஏற்றிவந்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கியது. வாய்க்கால் காட்டாமணக்கும் கோரையும் மண்டி, வாய்க்கால் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டிய நிலையில் இருந்தது. அது ஆற்றிலிருந்து பிரியும் தலைப்பில் ஒரு சிவப்புக் கொடி. பேராசிரியர் அதைப் பார்த்து யோசித்தார்.

“நாம அரசியலுக்கு அப்பாற்பட்டவங்க. கொடிக்குப் பத்தடி தள்ளி ஆரம்பிப்போம்,” என்றார்.

பத்தடி தள்ளி ஆரம்பித்தோம். ஒரு மணி நேரத்தில் எல்லார் உள்ளங்கையிலும் கொப்புளம். அப்போது பண்ணைக் காரியஸ்தர் அண்டாவில் இட்லியும் தூக்கில் சாம்பாருமாக வந்து கரையில் வரிசையாக இலை போட்டார். என் இலையை மட்டும் ஒரு முழம் தள்ளிப் போட்டார். அவருக்கு என் அக்கா யார் என்று தெரியும்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். வாய்க்கால் வெட்டில் கரையில் யார் சோறு போடுகிறார்களோ, அவர்களுடைய வேலை அது. கூலி பின்னால் பேசிக்கொள்ளலாம், பேசாமலும் போகலாம். சோற்றில் கை வைத்துவிட்டால் நீ அவர்கள் ஆள், அது அவர்கள் வேலை. எழுத்தில் எங்கும் கிடையாது. அதனால்தான் யாரும் மீறுவதில்லை.

“சார்,” என்று பேராசிரியரின் காதில் சொன்னேன், “இந்த இட்லியைச் சாப்பிட்டா நாம பண்ணை ஆளுன்னு அர்த்தம் சார்.”

“என்ன அழகான வழக்கம்!” என்றார். ஆறாவது இட்லி அவர் கையில் இருந்தது. கொஞ்ச நேரம் மென்றுகொண்டே யோசித்தார். “அப்போ ஒரு பக்கம் மட்டும் சாப்பிட்டா தப்பு. சரிதானே? மத்தியானச் சாப்பாட்டை உங்க அக்கா தெருவிலேர்ந்து வாங்கிடு. அதுதான் நடுநிலை.”

தஞ்சை ஜில்லாவில் பிறந்த எவனுக்கும் இந்த யோசனை தோன்றியிருக்காது. அதற்கு மேற்படிப்பு வேண்டும்.

நான் போனபோது அக்கா வாசலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“வாங்க தொரை. பண்ணை வீட்டு இட்லி பஞ்சாட்டம் இருந்துச்சாமே?”

“அக்கா, சார் மத்தியானத்துக்குச் சோறு கேக்குறாரு. எல்லாருக்கும்.”

“ஏன், அங்க போடலையா?”

“போடுவாங்க. அவரு ரெண்டு பக்கமும் சாப்பிடணுங்கறாரு.”

இப்போது நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே திரும்பி, “இந்தாங்க, கேட்டீங்களா சேதிய?” என்று குரல் கொடுத்தாள். மச்சான் வெளியே வந்தார். நான் மறுபடி சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் ஏதோ பூட்டு விழுகிற சத்தம் கேட்டது.

“அதுக்கென்ன மாப்ள,” என்றார் மச்சான் மிக இனிமையாக, “படிக்கிற புள்ளைங்க. தெருவே சேந்து ஊத்திடறோம்.”

மத்தியானம் தெற்குத் தெருப் பெண்கள் பானை பானையாகக் கஞ்சியும், சுட்ட கருவாடும், நார்த்தங்காய் ஊறுகாயுமாகக் கரைக்கு வந்தார்கள். கஞ்சியைப் பார்த்ததும் எங்களில் சிலருக்குத் திடீரென்று வயிறு சரியில்லாமல் போனது. கஞ்சி குடிக்கும் நேரமும் உழைப்பு நேரத்தில் சேரும் என்று பேராசிரியர் சொன்னதும் சரியாகிவிட்டது. கடைசி ஆள் குடித்து முடித்து வாயைத் துடைக்கும்வரை மச்சான் பொறுமையாக நின்றார். பிறகு கையைத் தட்டினார்.

“எங்க கஞ்சி குடிச்சிட்டீங்க. ரொம்ப சந்தோஷம். இனிமே இது எங்க வேலை. எங்க வேலைய நாங்க நிறுத்தி வெச்சிருக்கோம். அதனால காலையில அள்ளிப் போட்ட மண்ண எடுத்து இருந்த எடத்துல போட்டுருங்க.”

காரியஸ்தர் பாய்ந்து வந்தார். “காலையில எங்க இட்லிய தின்னுட்டு?”

“அது காலையில. இப்ப மத்தியானம்,” என்றாள் அக்கா.

எல்லாரும் பேராசிரியரைப் பார்த்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு, வரலாற்றில் இடம்பெறவேண்டிய அந்தத் தீர்ப்பைச் சொன்னார். “விதிப்படி மார்க் உழைப்புக்குத்தான், விளைவுக்கு இல்லை. போடுங்க.”

போட்டோம்.

மறுநாளும் அப்படியே. காலையில் இட்லி, வெட்டினோம். மத்தியானம் கஞ்சி, நிரப்பினோம். அதே பத்தடி தள்ளி, அதே நாலு முழ வாய்க்கால். எங்கள் உழைப்பின் இறுதிநிலைப் பயன்பாடு குறையக்கூட இல்லை, அது ஆரம்பத்திலிருந்தே சைபரில் நின்றது. காட்டாமணக்கு மட்டும் பிடுங்கி நட்டதில் தழைத்தது.

விட்டுவிட்டு ஓடிப்போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டுக்கொண்டோம். பஸ் ரோட்டுப் பக்கம் பண்ணை ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாலத்துப் பக்கம் தெற்குத் தெரு ஆட்கள். நாங்கள் எழுந்து வேட்டியை உதறினாலே இரண்டு பக்கமும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். எங்களை விட்டால் முடித்துக்கொடுக்க வேறு நாதியில்லை என்று பண்ணையார் நினைத்தார். மச்சான் கணக்கு வேறு. “நீங்க வாய்க்கால்ல நிக்கிறவரைக்கும் அவரு வெளியூரு ஆள எறக்க மாட்டாரு. எறக்கினா காலேஜுக்கு அவமானம். நல்லா தின்னுட்டு நில்லுங்க மாப்ள.” இவ்வளவு மரியாதையான சிறையை நான் பார்த்ததில்லை. இரண்டு தரப்பும் போட்டி போட்டுக்கொண்டு சாப்பாடு போட்டன.

போட்டி என்றால் சும்மா இல்லை. மத்தியானம் வருவதற்குள் நாங்கள் கொஞ்சமாவது வெட்டிவிடுகிறோம் என்று தெற்குத் தெரு கஞ்சியை முன்னால் கொண்டுவந்தது. கஞ்சி முந்திவிட்டதே என்று பண்ணை இட்லியை விடியலுக்கு இழுத்தது. அக்கா கோழி கூவக் கஞ்சிப் பானையோடு பள்ளிக்கூட வாசலில் நின்றாள். மறுநாள் கோழிக்கு முன்னால் காரியஸ்தர் நின்றார். பல் விளக்குவதற்குள் இரண்டு தடவை சாப்பிட்டுவிட்டு, நாள் முழுக்க யாருடைய ஆள் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். பேராசிரியர் மட்டும் நடுநிலை தவறாமல் இரண்டு பக்கமும் சம அளவில் சாப்பிட்டார். சென்னை வயிறு எவ்வளவு தாங்கும்? பாயோடு படுத்துவிட்டார்.

படுத்தபடியே என்னைக் கூப்பிட்டார். “நீ பாத்துக்கப்பா. நீதானே தொடர்பாளர்.”

அன்று மேட்டூர் திறந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். இன்னும் சில நாளில் தண்ணீர் வெண்ணாற்றுக்கு வந்துவிடும். நான் அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

“அக்கா, எங்கள விட்டுருங்களேன்.”

“விட்டா?”

“நாங்க பாட்டுக்குப் போயிடுவோம்.”

“மார்க்கு?”

“போயிடும்.”

“போனா?”

“டிகிரி கிடையாது.”

அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். “சரி, இருந்து வெட்டி முடிச்சுக் குடுத்துட்டா?”

“உங்களுக்குக் கூலி ஏறாது.”

“இந்த வருசம் மட்டும் இல்லடா. இந்தத் தடவ எறங்கிட்டா அப்பறம் எப்பவும் ஏறாது. ஒக்காந்தீங்களே, என்னத்த கிழிச்சீங்கன்னு கேப்பான்.” முறத்தைத் தட்டி நிறுத்தினாள். “ஆக, வெட்டவும் கூடாது, வெட்டாம போகவும் கூடாது. படிச்ச புள்ள நீ. வழி பாரு.”

“அதுக்கெல்லாம் பாடம் இல்லக்கா.”

“அப்பறம் என்ன மயித்துக்கு காலேஜு?”

மறுநாள் காலை இட்லி அண்டாவும் கஞ்சிப் பானையும் ஒரே நேரத்தில் வந்தன. ஒரு பக்கம் இட்லியின் ஆவி, ஒரு பக்கம் கருவாட்டு வாசனை. பேராசிரியர் படுத்திருந்ததால் இரண்டையும் சாப்பிட உத்தரவு கொடுக்க ஆள் இல்லை. காரியஸ்தர் இந்தத் தடவை என் இலையை மற்ற இலைகளோடு ஒட்டிப் போட்டிருந்தார். மிராசுதாரே காரில் கரைக்கு வந்து குடை பிடித்து நின்றார். எதிரே மச்சானும், அவருக்குப் பின்னால் தெருவும். அக்கா கரண்டியோடு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்பது கரண்டியில் தெரிந்தது.

“தொடர்பாளரே, எந்தப் பக்கம் உக்காரணும்? பசிக்குது,” என்றான் பின்பெஞ்சுக்காரன்.

நான் என்ன செய்தேன் என்பதைப் பிற்காலத்தில் பலர் பலவிதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு கூட்டத்தில் ‘அறவழி’ என்றுகூட ஒருவர் சொன்னார். நடந்தது இதுதான். இட்லிப் பக்கம் ஒரு அடி வைத்தேன். அக்காவின் கரண்டி நின்றது. கஞ்சிப் பக்கம் திரும்பினேன். அப்பாவும் அந்த நாற்காலியும் கண் முன்னால் வந்தார்கள். கால் நகரவில்லை. அண்டாவுக்கும் பானைக்கும் நடுவில், வாய்க்கால் மண்ணில், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் அதை ஏற்பாடு என்று நினைத்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

வெயில் ஏறியது. இட்லி ஆறியது. கஞ்சியில் ஆடை கட்டியது. யாரும் யாருடைய ஆளும் இல்லை. அதனால் வாய்க்காலும் யாருடைய வேலையும் இல்லை. அதைத் தொட அந்தக் கரையில் ஒருவருக்கும் அதிகாரம் இல்லாமல் போனது. மிராசுதார் குடையை மடக்கினார், பிறகு விரித்தார். பின்பெஞ்சுக்காரன் மத்தியானம்வரை என் பரம்பரையைத் தாழ்ந்த குரலில் ஏசிக்கொண்டிருந்தான்.

இதற்குள் கிராம முன்சீப் சைக்கிளில் தாலுகா ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டார். என்ன சொன்னாரோ, பொழுது சாய்வதற்குள் தாசில்தாரின் ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. மாணவர்கள் தெருவில் உட்கார்ந்தால் ஆட்சிக்கு என்ன ஆகும் என்பது அந்த ஆட்சிக்கு நன்றாகத் தெரியும். அது வந்த வழியே அதுதான்.

தாசில்தாருக்கு வேர்த்திருந்தது. “யாருப்பா இங்க லீடர்?”

எல்லா விரல்களும் என்னைக் காட்டின. அவ்வளவு ஒற்றுமையை முகாமில் அதற்கு முன் நான் கண்டதில்லை.

“எப்பலேர்ந்து உண்ணாவிரதம்?”

“உண்ணாவிரதம் இல்லீங்க. சாப்பிடல, அவ்வளவுதான்.”

“என்ன கோரிக்கை?”

“கோரிக்கை ஒண்ணும் இல்லீங்களே.”

உதவியாளர் பக்கம் திரும்பினார். “நிபந்தனை இல்லாம பேச்சுக்குத் தயார்னு எழுதிக்க.”

பிறகு மிராசுதாரைத் தனியே அழைத்துப்போய் ஜீப்புக்குப் பின்னால் நின்று பேசினார். சத்தம் கேட்கவில்லை. காரின் கொடியைக் காட்டி ஏதோ சொன்னதும், மிராசுதார் தலை குனிந்ததும் தெரிந்தன. கூலிக்காக மாணவர்கள் சாகும்வரை உண்ணாவிரதம், அதுவும் புதுக் கொடி கட்டிய ஒருவரின் ஊரில் என்றால் மேலிடத்தில் என்ன கேட்பார்கள் என்பதுதான் பேச்சாக இருந்திருக்கும். பள்ளிக்கூட வராண்டாவில் மூன்று தரப்பும் உட்கார்ந்தார்கள். விளக்கேற்றும் நேரத்துக்கு முடிந்தது. கேட்டதில் பாதி கூலி ஏறியது. மச்சானுக்குத் திருப்தி இல்லை. அக்காதான், “பாதியாவது எறங்காம வந்துச்சே, கொடியப் புடுங்குங்க,” என்றாள்.

மறுநாள் தெற்குத் தெரு வாய்க்காலில் இறங்கியது. எங்களைக் கரையேறி ஓரமாக நிற்கச் சொன்னார்கள். நாங்கள் வெட்டி நிரப்பிய நாலு முழம் மட்டும் குழைந்து சேறாகிப்போய், வெட்டுவதற்கு அதிக நேரம் பிடித்தது என்று மச்சான் குறைபட்டுக்கொண்டார். எங்கள் சேவையின் தடம் அது ஒன்றுதான்.

கல்லூரி திறந்ததும் மார்க் வந்தது. பேராசிரியர் உடல் தேறி, மிகுந்த நேர்மையோடு கணக்குப் போட்டிருந்தார். வெட்டியது உழைப்பு. நிரப்பியதும் உழைப்பு. கஞ்சி குடித்ததும், வாக்குக் கொடுத்தபடி, உழைப்பு. எல்லாரும் தேறிவிட்டார்கள். என்னைத் தவிர.

“நீ மண்வெட்டிய எடுத்த நேரம் குறைவுப்பா,” என்றார் வருத்தத்தோடு. “முக்கால்வாசி நேரம் உங்க அக்கா வீட்டுக்கும் வாய்க்காலுக்கும் நடந்திருக்கே. நடக்கறது விதியில சேரல. உக்காந்ததும் சேரல.”

“நீங்கதான சார் தொடர்பாளராப் போட்டீங்க?”

“அது கௌரவப் பதவி.”

ஆக, மற்றவர்கள் டிகிரி வாங்கிய வருஷம் நான் மறு கோடையில் பேராவூரணித் தென்னந்தோப்பில் குழி வெட்டிக்கொண்டிருந்தேன். நிழலாகத்தான் இருந்தது. நாற்காலி ஒரு வருஷம் தள்ளிப்போனது. அப்பா இன்னொரு வருஷம் குனிந்தார்.

பெயிலான செய்தியைச் சொல்ல அக்கா ஊருக்குப் போன அன்று, தண்ணீர் ஏறிய வயலில் நடவு முடித்துக் கால் சேறோடு கரையேறிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குக் கூட்டிப்போனாள். சொன்னேன். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

“எல்லாரும் பாஸு. நீ மட்டும் பெயிலா?”

“ஆமா.”

“நாங்கதான்...” என்று ஆரம்பித்து முடிக்காமல் அடுப்படிக்குப் போனாள். சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பழையது இல்லை, புதுச் சோறு. வழக்கத்தைவிட ஒரு கரண்டி அதிகம். நான் கை வைக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னடா?”

“இதத் தின்னா யாரு வேலைய முடிக்கணும்?”

“வாய மூடிக்கிட்டுத் தின்னு நாயே,” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு மீன் துண்டைத் தேடி எடுத்து வைத்தாள்.